மொய்க்கு நோட்டு உண்டு. சிற்பத்துக்கு நோட்டு எங்கே?

அந்தச் சிற்பத்தின் நீளம் 22 அடி. கூடத்தில் வைத்தால் ஒரு சுவரையே அடைத்துக்கொள்ளும். தூக்குவதற்குப் பல ஆட்கள் வேண்டும். அவ்வளவு பெரிய சிற்பத்தை ஒரு பல்கலைக்கழகம் தொலைத்துவிட்டது!

தொலைத்ததோடு நிற்கவில்லை. வேண்டாம் என்று கழித்துப் போட்ட சாமான்களோடு சேர்த்து விற்றும்விட்டது. விலை என்ன தெரியுமா? 150 டாலர். வரியோடு சேர்த்து 164 டாலர் 63 சென்ட். அன்றைய மதிப்பில் நம் பணம் சுமார் 8,000 ரூபாய்.

அதன் உண்மையான மதிப்பு? 10 லட்சம் டாலருக்கு மேல் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். நான்கரைக் கோடி ரூபாய்க்கும் அதிகம்!

இது நடந்தது அமெரிக்காவில். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில். ஆண்டு 2009. உலகமெல்லாம் இருந்து மாணவர்கள் தேடிப் போய்ப் படிக்கும் இடம் அது. நோபல் பரிசு பெற்றவர்கள் பாடம் சொல்லும் இடம். படிப்புக்கு அங்கே குறைவில்லை. ஒரு நோட்டுப் புத்தகத்துக்குத்தான் குறைவு வந்துவிட்டது.

கண் தெரியாத பிள்ளைகளுக்காக

அந்தச் சிற்பத்தைச் செய்தவர் பெயர் சார்ஜென்ட் ஜான்சன். கறுப்பினத்தைச் சேர்ந்தவர். 1888-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவர். 1930-களில் அமெரிக்காவில் வேலை இல்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அப்போது அரசாங்கமே கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்து, பொதுக் கட்டடங்களை அழகு செய்யச் சொன்னது. அந்தத் திட்டத்தில் ஜான்சனுக்கும் வேலை கிடைத்தது.

பெர்க்லியில் கண் பார்வை இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அங்கே பெரிய இசைக்கருவி ஒன்று இருந்தது. அதன் குழாய்களை மறைக்க ஒரு மரத் தடுப்பு வேண்டும். 1937-ல் செம்மரம் போன்ற ஒரு மரத்தில் ஜான்சன் அதைச் செதுக்கினார். பாடுகிறவர்கள், வாத்தியம் வாசிக்கிறவர்கள், விலங்குகள் எல்லாம் அதில் உண்டு. பொன் நிறமும் பூசினார்.

1980-ல் அந்தப் பள்ளிக்கூடம் வேறு ஊருக்குப் போய்விட்டது. கட்டடம் பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது. சிற்பத்தைக் கழற்றினார்கள். கிடங்கில் போட்டார்கள். அங்கே அது கிடந்தது, கிடந்தது, 29 ஆண்டுகள் கிடந்தது. வேலையில் இருந்தவர்கள் ஓய்வு பெற்றார்கள். புதியவர்கள் வந்தார்கள். "இது என்ன பலகை?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. விற்றுவிட்டார்கள்.

கண் தெரியாத பிள்ளைகளுக்காகச் செய்த சிற்பம் அது. கண் தெரிந்தவர்கள்தான் அதைப் பார்க்கவில்லை!

விலைக்கு வாங்கியவர் புத்திசாலி. வேலைப்பாட்டைப் பார்த்ததும் சந்தேகம் வந்தது. விசாரித்தார். உண்மை வெளியே வந்தது. 2011-ல் ஹண்டிங்டன் என்னும் புகழ்பெற்ற நூலகமும் கலைக்கூடமும் சேர்ந்த நிறுவனம் அதைத் தன் வசம் வாங்கிக்கொண்டது. 2024-ல் அங்கே ஜான்சனின் படைப்புகளை வைத்துப் பெரிய கண்காட்சியே நடந்தது.

சிற்பம் பிழைத்தது. ஆனால் ஜான்சன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர் 1967-லேயே காலமாகிவிட்டார்.

இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். சிரிப்பதற்கு முன்பு, கொஞ்சம் விழுப்புரம் பக்கம் வந்து பார்க்கலாம்.

கோலியனூர்க் கல்யாணம்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போகும் சாலையில் இருக்கிறது கோலியனூர். அங்கே ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்தலின் ஓரத்தில் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருவர் பணம் வாங்குகிறார். இன்னொருவர் நோட்டில் எழுதுகிறார். பெயர், தகப்பனார் பெயர், ஊர், தொகை. 101 ரூபாய் வைத்தாலும் ஒரு வரி உண்டு. ஒரு குத்துவிளக்கு கொடுத்தாலும் ஒரு வரி உண்டு.

அந்த நோட்டை அந்தக் குடும்பம் எப்படி வைத்திருக்கும்? பீரோவில், பத்திரங்களோடு வைத்திருக்கும். இருபது ஆண்டு கழித்து, "பனையபுரத்து மாமா நம் வீட்டுக் கல்யாணத்துக்கு என்ன செய்தார்?" என்று கேட்டால், அம்மா நோட்டைப் புரட்டி ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவாள்.

கொடுத்தவரை மறக்கக் கூடாது. வாங்கியதைத் தொலைக்கக் கூடாது. இது தமிழ் வீடுகளில் எழுதப்படாத சட்டம்.

இதே மனிதர்கள்தான் வெளியே வந்து பள்ளிக்கூடத்திலும் கல்லூரியிலும் அலுவலகத்திலும் வேலை பார்க்கிறார்கள். அங்கே வந்ததும் அந்தச் சட்டம் எங்கே போகிறது?

ஒரு கலைஞர் தன் வாழ்நாள் உழைப்பை ஒரு கல்லூரிக்குக் கொடுக்கிறார். அன்றைக்கு மாலை, மரியாதை. மேடையில் சால்வை. புகைப்படம். மறுநாள் சிற்பம் முதல்வர் அறைக்குப் போகிறது. அடுத்த முதல்வர் வந்ததும் வராந்தாவுக்குப் போகிறது. வெள்ளை அடிக்கும்போது மாடிப்படிக்குக் கீழே போகிறது. அதன் பிறகு எங்கே? யாருக்கும் தெரியாது. எந்தக் கல்லூரியிலும் நடக்கக்கூடிய கதை இது. திருடன் வர வேண்டிய அவசியமே இல்லை. வெள்ளையடிப்பும் இடமாற்றமும் போதும்!

மாவட்டங்கள் பிரிகின்றன. தென்னார்க்காடு பிரிந்து 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டம் ஆயிற்று. 2019-ல் அதிலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. நல்ல காரியம்தான். ஆனால் அலுவலகம் மாறும்போது அலமாரியும் மாறும். அலமாரி மாறும்போது அதன் மேல் இருந்த பொருள் என்ன ஆகும்? எழுதி வைத்திருந்தால் கூடவே வரும். எழுதாவிட்டால் பழைய இடத்திலேயே அநாதையாகக் கிடக்கும்.

38 டன் மறைந்தது!

"சின்னப் பொருள் தொலையும். பெரிய பொருள் எப்படித் தொலையும்?" என்று சிலர் கேட்கலாம்.

ஸ்பெயின் நாட்டின் தலைநகர் மாட்ரிட். அங்கே ரெய்னா சோபியா என்று ஓர் அருங்காட்சியகம். ரிச்சர்ட் செர்ரா என்னும் அமெரிக்கச் சிற்பி செய்த எஃகுச் சிற்பம் ஒன்று அவர்களிடம் இருந்தது. நான்கு பெரிய எஃகுக் கட்டிகள். எடை 38 டன்! 1986-ல் காட்சிக்கு வைத்தார்கள். 1990-ல், இடம் போதவில்லை என்று ஒரு தனியார் கிடங்குக்கு அனுப்பினார்கள். பிறகு அந்தக் கிடங்குக்காரர் நொடித்துப்போனார். 2005-ல் சிற்பம் வேண்டும் என்று தேடினார்கள். காணோம்!

யானையைப் போல் ஆறேழு மடங்கு எடை. அது எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கடைசியில் செர்ரா அதே போல் இன்னொன்று செய்து கொடுத்தார். அவர் உயிரோடு இருந்ததால் அது நடந்தது. இறந்துபோன சிற்பி எங்கே வந்து செய்து கொடுப்பார்?

இதற்கு நேர்மாறாக இன்னொரு சம்பவம். சென்னைக் கடற்கரையில் இருந்த கண்ணகி சிலை 2001-ல் அதன் இடத்தை விட்டு அகற்றப்பட்டது. உடனே தமிழ்நாடு முழுவதும் பேச்சு. "சிலை எங்கே?" என்ற கேள்வி. 2006-ல் சிலை மறுபடியும் அதே கடற்கரைக்கு வந்தது. ஏன் அது தொலையவில்லை? லட்சக்கணக்கான ஜனங்களின் கண் அதன் மேல் இருந்தது. அது அங்கே இருக்கிறது என்று குழந்தைக்கும் தெரியும்.

ஜனங்களுக்குத் தெரிந்த பொருள் தொலைவதில்லை. அறைக்குள் பூட்டி, நோட்டிலும் எழுதாமல் விட்ட பொருள்தான் தொலைகிறது.

எண்ணாயிரத்தில் எழுதி வைத்தார்கள்

"கணக்கு எழுதுவது எல்லாம் வெள்ளைக்காரன் வழக்கம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரம் என்று ஓர் ஊர். இன்று சிறிய கிராமம். ஏறத்தாழ 1,000 ஆண்டுகளுக்கு முன்பு, ராஜேந்திர சோழன் காலத்தில் அங்கே ஒரு பெரிய கல்லூரி இருந்தது. அதைப் பற்றிக் கோயில் சுவரில் கல்வெட்டு இருக்கிறது. இளைய மாணவர் 270 பேர். மேல் வகுப்பு மாணவர் 70 பேர். மொத்தம் 340. ஆசிரியர்கள் 14 பேர். கல்லூரிச் செலவுக்குக் கொடுத்த நிலம் 45 வேலி. இளைய மாணவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 6 நாழி நெல். எல்லாம் கல்லில் இருக்கிறது.

கல்லூரி போய்விட்டது. மாணவர்கள் போய்விட்டார்கள். சோழ ராஜ்ஜியமே போய்விட்டது. கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது!

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இதையும் மிஞ்சுகின்றன. ராஜராஜனும் அவன் தேவிமாரும் அக்காவும் அதிகாரிகளும் அறுபதுக்கு மேற்பட்ட திருமேனிகளைக் கோயிலுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் பற்றிச் சுவரில் வெட்டி வைத்தார்கள். கொடுத்தவர் யார், சிலையின் உயரம் எத்தனை முழம், எத்தனை விரல், கை எத்தனை, எந்த உலோகம், போட்டிருக்கும் நகையின் எடை என்ன, அதில் முத்து எத்தனை. நல்ல முத்து, குறை உள்ள முத்து என்றுகூடப் பிரித்து எழுதினார்கள்.

இப்போது ஒரு வேடிக்கையைக் கேளுங்கள். களவு போன கலைப் பொருளைக் கண்டுபிடிக்க உலகம் முழுவதும் ஒரே மாதிரிக் குறிப்பு இருக்க வேண்டும் என்று நிபுணர்கள் கூடிப் பேசினார்கள். 1997-ல் ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். அதில் என்ன இருக்கிறது? பொருள் என்ன, அளவு என்ன, எதனால் செய்தது, எழுத்து ஏதாவது உண்டா, தனி அடையாளம் என்ன, எந்தக் காலம், செய்தவர் யார். இவற்றோடு ஒரு புகைப்படம். புகைப்படத்தையும் செய்தவர் பெயரையும் தவிர, மற்றவற்றில் பெரும்பாலானவற்றை ராஜராஜனின் கல்தச்சன் ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சுவரில் வெட்டிவிட்டான்!

அந்தத் திருமேனிகளில் இன்று கோயிலில் எஞ்சியவை விரல் விட்டு எண்ணக்கூடியவையே. ஆனால் கணக்கு வீண்போகவில்லை. 2018-ல் தமிழ்நாட்டுப் போலீசார் அகமதாபாத்தில் உள்ள ஓர் அருங்காட்சியகத்திலிருந்து இரண்டு செப்புச் சிலைகளை மீட்டு வந்தார்கள். அவை ராஜராஜன், அவன் தேவி உலோகமாதேவி ஆகியோரின் சிலைகள் என்பது போலீசார் கண்ட முடிவு. அந்த இரண்டு உருவங்களையும் கோயில் அதிகாரியாக இருந்த ஆதித்தன் சூரியன் என்பவர் செய்து வைத்ததாகக் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு, எது எந்தச் சிலை என்று பேச வந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தது அந்தக் கல்வெட்டைத்தான்.

புதுச்சேரிப் புகைப்படம்

கோலியனூர் வழியாக ஓடும் அதே சாலையில் நேராகப் போனால் புதுச்சேரி. அங்கே பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1955-ல் தொடங்கியது. தென்னாட்டுக் கோயில் கோயிலாகப் போய், சிலைகளை எல்லாம் புகைப்படம் எடுத்துச் சேர்த்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். "சாமியைப் படம் எடுத்து என்ன செய்யப் போகிறார்கள்?" என்று அன்று பலர் நினைத்திருப்பார்கள்.

அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான். அங்கே பழைய சிவன் கோயில். அங்கிருந்த நடராஜர் களவு போனார். கடல் கடந்தார். 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் அவரை விலைக்கு வாங்கியது. விலை சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர்!

"இது உங்கள் சிலை என்பதற்கு என்ன சாட்சி?" என்ற கேள்வி வந்தது. புதுச்சேரியில் இருந்த பழைய புகைப்படம் சாட்சி சொன்னது. அதே முகம், அதே திருவாசி, அதே தழும்பு. மறுக்க முடியவில்லை. 2014-ல் ஆஸ்திரேலியப் பிரதமரே டில்லிக்கு வந்து நடராஜரை ஒப்படைத்தார். விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் அவரோடு திரும்பி வந்தார். அவருக்கும் சாட்சி புதுச்சேரிப் படம்தான்.

உலக நாடுகள் 1970-ல் யுனெஸ்கோ மூலம் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. களவு போன கலைப் பொருளைத் திருப்பித் தருவது பற்றியது அது. அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பொருளைப் பறிகொடுத்த நிறுவனத்தின் பட்டியலில் அந்தப் பொருள் இடம் பெற்றிருக்க வேண்டும். பட்டியலில் இல்லாவிட்டால்? "உன்னுடையது என்று எப்படிச் சொல்கிறாய்?" என்று எதிரி கேட்பான். பதில் இருக்காது.

ஆக, ஒரு நோட்டும் ஒரு புகைப்படமும் 50 லட்சம் டாலர் பெறும்!

தஞ்சாவூர் சரஸ்வதி மகாலில் நடந்ததையும் பாருங்கள். 1715-ல் தரங்கம்பாடியில் அச்சிட்ட தமிழ் பைபிள் ஒன்று அங்கே இருந்தது. 2005-ல் காணாமற்போனது. தேடினார்கள், கிடைக்கவில்லை. 2022-ல், லண்டனில் ஓர் அமைப்பின் வலைத்தளத்தில் அந்தப் புத்தகத்தின் படம் இருப்பதைத் தமிழ்நாட்டுப் போலீசார் கண்டார்கள். 17 ஆண்டுகளுக்குப் பிறகு துப்புக் கிடைத்தது எப்படி? இன்ன புத்தகம், இன்ன ஆண்டு, இன்ன அடையாளம் என்று எழுதி வைத்திருந்தார்கள். அதனால் கிடைத்தது.

இன்றைய சிற்பிக்கு யார் துணை?

சாமி சிலை தொலைந்தால் ஊர் எழுந்து நிற்கும். போலீசில் தனிப் பிரிவே இருக்கிறது. தமிழ்நாட்டில் சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவு 1983-ல் ஏற்பட்டது. பழம்பொருளுக்குச் சட்டமும் இருக்கிறது. 1972-ம் ஆண்டுச் சட்டம். 100 ஆண்டுகளுக்குக் குறையாத சிலை, ஓவியம் முதலியவை பழம்பொருள்கள். ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதி என்றால் 75 ஆண்டு.

ஆனால் 50 ஆண்டுக்கு முன்பு வாழ்ந்த ஒரு சிற்பி செய்த சிலை? அது பழம்பொருள் ஆவதற்கு வயது போதாது. காலமான கலைஞரின் படைப்பைக் "கலைச் செல்வம்" என்று மத்திய அரசு தனியாக அறிவிக்கலாம். அப்படி அறிவிக்கப்பட்ட கலைஞர்கள் 9 பேர். ரவி வர்மா, ரவீந்திரநாத் தாகூர், நந்தலால் போஸ், ஜாமினி ராய், அம்ரிதா ஷேர்கில் முதலானவர்கள். பெரிய கலைஞர்கள்தாம். ஆனால் எல்லோரும் ஓவியர்கள் என்று பெயர் பெற்றவர்கள். சிற்பி என்று பெயர் பெற்ற ஒருவர்கூட அந்தப் பட்டியலில் இல்லை!

எனவே இக்காலச் சிற்பியின் படைப்புக்குச் சட்டமும் முழுத் துணை இல்லை. ஊரும் துணை இல்லை. அதை வாங்கி வைத்திருக்கும் நிறுவனத்தின் நாணயம் ஒன்றுதான் துணை.

சிற்பிக்கு இது புதிய துயரம் அல்ல. விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். 1,400 ஆண்டுக்கு முன்பு, பாறையைக் குடைந்து செய்த கோயில். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. மகேந்திரவர்மப் பல்லவன் அதைப் பெருமையோடு கல்வெட்டில் சொல்லிக்கொண்டான். ராஜாவின் பெயர் இருக்கிறது. வாசலில் நிற்கும் துவாரபாலகர்களைச் செதுக்கிய உளிக்காரன் பெயர் இல்லை.

இன்றைக்கு மட்டும் என்ன வாழ்கிறது? கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தால், வெளிச்சம் மறையும்படி அதன் மேலேயே "உபயம்" என்று பெயர் எழுதுகிறார்கள். ஊர் நடுவே சிலை வைத்தால், திறந்து வைத்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர் பெயர் எல்லாம் கல்லில் இருக்கின்றன. செய்தவர் பெயர் எத்தனை சிலைகளில் இருக்கிறது?

பெயர் தெரியாத படைப்புக்குத் தேடுவார் இல்லை. "ஜான்சன் செய்தது" என்று அந்த 22 அடிப் பலகையின் பின்னால் ஒரு சீட்டு ஒட்டியிருந்தால், அதை யாரும் 150 டாலருக்கு விற்றிருக்க மாட்டார்கள்.

மூன்று சாக்குகள்

நிறுவனங்கள் சொல்லும் சாக்குகள் பெரும்பாலும் மூன்று.

முதல் சாக்கு: "பணம் இல்லை." எதற்குப் பணம்? ஒரு நீள நோட்டு, ஓர் அளவு நாடா, கையில் இருக்கும் செல்போன். கல்லூரியில் எத்தனை மாணவர்கள்! ஒரு சனிக்கிழமையில் எல்லாப் பொருளையும் படம் எடுத்து, அளந்து எழுதிவிடுவார்கள். அது அவர்களுக்கு ஒரு பாடமாகவும் இருக்கும். மேசைக்கும் நாற்காலிக்கும் இருப்புப் பதிவேடு இல்லாத அரசு அலுவலகம் உண்டா? நாற்காலிக்கு உள்ள மரியாதை சிற்பத்துக்கு இருக்கக் கூடாதா?

இரண்டாவது சாக்கு: "படிப்புச் சொல்லிக் கொடுப்பது எங்கள் வேலை. சாமானைக் காவல் காப்பது எங்கள் வேலை அல்ல." நியாயமான பேச்சுத்தான். அப்படியானால் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். "ஐயா, எங்களால் பாதுகாக்க முடியாது, அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள்" என்று கும்பிட்டு அனுப்பினால் யாரும் கோபிக்க மாட்டார்கள். சால்வை போட்டு வாங்கிவிட்டு, மாடிப்படிக்குக் கீழே போடுவதுதான் பாவம்.

மூன்றாவது சாக்கு: "பட்டியல் வெளியிட்டால் திருடனுக்கு வழி காட்டியது போல் ஆகும்." இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எந்த அறையில், எந்தப் பெட்டியில் என்று ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஆனால் படமும் அளவும் வெளியே தெரிந்த பொருளை விற்பது கஷ்டம். வாங்குகிறவன் பயப்படுவான். யாருக்கும் தெரியாத பொருள்தான் திருடனுக்கு அல்வா!

இந்த மூன்றையும் விடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வெட்கம்! "தொலைந்துவிட்டது என்று சொன்னால் பெயர் கெட்டுவிடும்" என்ற பயம்.

கேம்பிரிட்ஜ் கற்றுக்கொண்ட பாடம்

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகம் உலகப் புகழ் பெற்றது. உயிர்களின் தோற்றத்தை ஆராய்ந்த டார்வினின் இரண்டு சிறு குறிப்பேடுகள் அங்கே இருந்தன. கோடிக்கணக்கில் மதிப்பு உள்ளவை. 2000-ல் படம் எடுப்பதற்காக வெளியே எடுத்தார்கள். 2001-ல் பார்த்தால் இடத்தில் இல்லை. "எங்காவது மாற்றி வைத்திருப்போம்" என்று நினைத்தார்கள். உள்ளேயே தேடினார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷம் அல்ல, இருபது வருஷம்!

2020 நவம்பரில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். போலீசில் புகார் கொடுத்தார்கள். உலகத்துக்கே அறிவித்தார்கள். "களவு போயிருக்கலாம். தெரிந்தவர்கள் உதவுங்கள்" என்று கேட்டார்கள்.

என்ன ஆயிற்று? 2022 மார்ச் மாதம். நூலகர் அறைக்கு வெளியே ஒரு ரோஜா நிறப் பை கிடந்தது. உள்ளே இரண்டு குறிப்பேடுகளும் பத்திரமாக இருந்தன. ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லி ஒரு சீட்டும் இருந்தது! யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. பொருள் வந்து சேர்ந்தது.

இருபது ஆண்டு மூடி வைத்தார்கள், கிடைக்கவில்லை. வெளியே சொன்னார்கள், பதினாறு மாதத்துக்குள் கிடைத்தது. கேம்பிரிட்ஜின் பெயர் கெட்டதா? இல்லை. உண்மையைச் சொன்னதற்காக மதிப்பு உயர்ந்தது.

இங்கேயும் அப்படித்தான் செய்ய வேண்டும். பொருளைக் காணோம் என்றால், அன்றைக்கே சொல்ல வேண்டும். கொடுத்த குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். போலீசுக்குச் சொல்ல வேண்டும். பழைய மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். பாதி நேரம் பொருள் வெளியூர் போயிருக்காது. ஓய்வு பெற்ற காவலாளி ஒருவர், "அதுவா? பழைய ஹாஸ்டல் பரணில் பாருங்கள்" என்று சொல்லிவிடுவார். அவரிடம் யாரும் கேட்காததுதான் குறை! அவரும் காலமாகிவிட்டால், கேட்கவும் ஆள் இல்லை.

செய்ய வேண்டியவை

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் அரசுக் கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. நூற்றுக்கணக்கான பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன. நூலகங்கள், ஊராட்சி அலுவலகங்கள், கோயில்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் யாரோ கொடுத்த ஏதோ ஒன்று இருக்கும். ஒரு சிலை, ஓர் ஓவியம், ஒரு சுவடிக் கட்டு, ஒரு பழைய கடிகாரம். இவற்றுக்காக ஐந்து காரியங்கள் செய்தால் போதும்.

ஒன்று: அன்பளிப்பு நோட்டு ஒன்று தனியாக வேண்டும். பொருள், செய்தவர், கொடுத்தவர், அளவு, தேதி, படம். நோட்டில் ஒன்று, கணினியில் ஒன்று, வேறு கட்டடத்தில் இன்னொரு நகல்.

இரண்டு: பொருளின் மேலேயே, அழகு கெடாத இடத்தில், செய்தவர் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும்.

மூன்று: பொறுப்பு மாறும்போது, சாவிக் கொத்தோடு இந்த நோட்டையும் ஒப்படைக்க வேண்டும். புதியவர் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

நான்கு: ஆண்டுக்கு ஒரு நாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஊர் ஜனங்களுக்குக் காட்ட வேண்டும். ஆண்டு விழா அன்றே காட்டலாம். பிள்ளைகள் பார்ப்பார்கள். பெற்றோர் பார்ப்பார்கள். பல நூறு கண்கள் பட்ட பொருள் எளிதில் மறையாது.

ஐந்து: கழித்த சாமானை ஏலம் விடும் முன்பு, வரலாறும் ஓவியமும் சொல்லிக் கொடுக்கும் இரண்டு ஆசிரியர்களை அழைத்துக் காட்ட வேண்டும். அவர்கள் "சரி" என்று சொன்ன பிறகே ஏலம். பெர்க்லியில் இந்த ஒரு காரியத்தைச் செய்திருந்தால் போதும். நான்கரைக் கோடி தப்பியிருக்கும்.

கொடுக்கிற குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. தாத்தா செய்த சிற்பத்தை, அப்பா வரைந்த படத்தைக் கொடுக்கும்போது கூச்சப்படாமல் ரசீது கேளுங்கள். கொடுப்பதற்கு முன்பு நான்கு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். "காப்பாற்ற முடியாமல் போனால் எங்களுக்கே திருப்பித் தர வேண்டும்" என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். வருஷத்துக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். பெண்ணைக் கட்டிக் கொடுத்தால் போய்ப் பார்க்காமல் இருக்கிறோமா? அதைப் போலத்தான் இதுவும். சம்பந்தி வீட்டார் கோபித்தால் கோபிக்கட்டும்!

பணத்தைத் தொலைத்தால் உழைத்துச் சம்பாதிக்கலாம். சிற்பி கல்லிலும் மரத்திலும் இறக்கி வைத்தது அவன் கண் பார்த்த உலகம். அவனோடு அந்தக் கண் மூடிவிட்டது. இன்னொரு முறை அதை யாரும் பார்த்துச் சொல்ல முடியாது.

நாளை திங்கட்கிழமை. பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் திறக்கும். தலைமை ஆசிரியர்களும் முதல்வர்களும் முதல் மணி அடிக்கும் முன்பு, மாடிப்படிக்குக் கீழே ஒரு முறை குனிந்து பார்ப்பது நல்லது.